லேடீஸ் ஓட்டுன வண்டி

மன்சூர் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அந்தப் புதன்கிழமை காலையில் இடியாப்பம் அவன் தொண்டையில் சிக்கியிருக்காது. தேங்காய்ப் பாலோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும், இன்னும் நாலு வையென்று தட்டை நீட்டியிருப்பான். பாதி நல்லவனாக இருக்கிறவனுக்குத்தான் இந்த இம்சையெல்லாம்.

பேகம்பூரில் இரண்டாவது சந்தில் அவன் வீடு. மழை விடிய விடியப் பெய்து, செத்த நேரத்துக்கு முன்புதான் விட்டிருந்தது. ஈரக் காற்றில் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை வழக்கத்தைவிடக் கனமாக வந்தது. அந்த ஊர்க்காரனுக்கு அது வாடையே இல்லை. பசியாற உட்கார்ந்தவன் தட்டில் குர்ஷித் பேகம் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து இடியாப்பத்தை எடுத்து வைத்தாள். பூப்போல இருந்தது.

"ஏது இது? நீ புழிஞ்ச மாதிரித் தெரியலையே."

"நான் புழிஞ்சா கயிறு மாதிரி இருக்கும்னு சொல்றீங்க, அதான? ஷமா கொடுத்து விட்டுச்சு. சுபுஹு தொழுதுட்டு ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு போனேன். ஒங்களுக்குன்னே தனியாப் புழிஞ்சு வச்சிருந்துச்சு."

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

"கேக்குறதப் பாரு. அது வண்டிய நம்ம ஷெட்டுல போட்டு நாலு மாசமாப் பாத்துக்கிறீங்களாமே. ஜெகபர் அண்ணன் சொல்லிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க? அந்தப் பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியுது. தொழுகைக்குத் தொழுகை ஒங்களுக்கு துஆ செய்யுதாம்."

அப்போதுதான் சிக்கியது. மன்சூர் தண்ணீரைக் குடித்தான். இறங்கவில்லை. இன்னொரு மடக்குக் குடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

இறங்காததற்குக் காரணம் சின்னதுதான். அந்த வண்டி ஷெட்டில் இல்லை. மூன்று மாசத்துக்கு முன்பே அதை விற்றுவிட்டான்.

ஷமாவின் புருஷன் ஃபாரிஸ் ஆடி மாசக் கடைசியில் மவுத்தாகிவிட்டான். தோல் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. அன்றைக்கு இத்தாவில் உட்கார்ந்தவள் ஷமா. நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. அதுவரைக்கும் அவள்தான் அந்தக் குடும்பத்துக்கு முக்கால் சம்பாத்தியம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியாப்பம் பிழிந்து, ஆறு மணிக்கெல்லாம் ரவுண்ட் ரோட்டில் இரண்டு லேடீஸ் ஹாஸ்டலுக்கும் நாகல் நகரில் ஒரு மெஸ்ஸுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். அந்த ஸ்கூட்டர் வண்டி அவள் இடியாப்பக் காசில் வாங்கியது. பேர் மட்டும் ஃபாரிஸ் பேர். ஆம்பிளை பேரில் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள், யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

ஃபாரிஸ் மவுத்தான இருபதாம் நாள் அவன் அண்ணன் ஜெகபர் அலி அந்த வண்டியை மன்சூர் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மன்சூர் மெக்கானிக்தான். ஆனால் ஆயில் மாற்றி, பிரேக் கட்டை மாற்றி எத்தனை காலத்துக்குப் பிழைப்பது? நாலைந்து வருஷமாகப் போனில் விளம்பரம் போட்டுப் பழைய வண்டி வாங்கி விற்கிற தொழிலில் இறங்கியிருந்தான். வண்டியைக் கழுவி, டயருக்குக் கறுப்படித்து, ஷெட்டுக்கு எதிரே இருக்கிற பச்சைச் சுவரில் சாய்த்து, சாயங்கால வெயிலில் போட்டோ எடுத்துப் போடுவான். போட்ட அரை மணியில் போன் கதற ஆரம்பிக்கும். வண்டியை நேரில் பார்க்காமலேயே "லாஸ்ட் எம்புட்டு?" என்று கேட்கிறவன் நூறு பேர். நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வராதவன் தொண்ணூறு பேர். மிச்சம் பத்துப் பேரில்தான் அவன் அடுப்பு எரிந்தது.

"நல்ல விலையாப் பாத்துக் கொடுத்துரு மன்சூரு. வீட்டுல நின்னா துருப்பிடிச்சுப் போகும்" என்றார் ஜெகபர் அலி.

"அண்ணே, ஓனர் மவுத்தாயிட்டா அதுக்கு வேற பாரம் இருக்கு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வேணும். ஷமா கையெழுத்துப் போடணும்."

"இத்தாவுல இருக்குற பிள்ளைகிட்ட போய் பேப்பர நீட்டச் சொல்றியாக்கும்?"

"இல்லண்ணே, ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா..."

"நான் இருக்கேன்ல? அந்தக் குடும்பத்துக்கு இப்ப நான்தான். கொண்டா பாரத்த."

பழைய வண்டி வியாபாரத்தில் பேர் மாற்றும் பாரத்தைத் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டு வைப்பது எல்லாரும் செய்கிற வழக்கம். ஜெகபர் அலி பாரத்தை வண்டி சீட்டின் மேலேயே வைத்து, தம்பி பேரைத் தன் கையால் எழுதினார். மன்சூர் அந்த நேரம் பார்த்து வேறொரு வண்டியின் பிளக்கைக் கழற்றி, அதில் ஏதோ இருப்பதுபோல ஊதிக்கொண்டிருந்தான். பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? பூனை கண்ணை மூடின கதைதான்.

அன்றைக்குச் சாயங்காலமே விளம்பரம் போட்டான். முதல் வரியிலேயே, 'லேடீஸ் ஓட்டுன வண்டி' என்று அடித்தான். அப்படிப் போட்டால் இரண்டாயிரம் கூடப் போகும். பொம்பளை ஓட்டின வண்டி அடிபட்டிருக்காது, முறுக்கியிருக்க மாட்டார்கள் என்று சனத்துக்கு ஒரு நம்பிக்கை. ஆக, அது யார் வண்டி என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. போன் திரையில் தன் விரலாலேயே எழுதியிருக்கிறான்.

இரண்டு வாரத்தில் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு பெண் அம்மாவோடு பஸ் ஏறி வந்து ஓட்டிப் பார்த்து, பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனாள். அதோடு அதை மறந்தும் போனான். மறந்தான் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

"என்னங்க, ஏன் இப்பிடி முழிக்கிறீங்க?" என்றாள் குர்ஷித். புருஷன் முகத்தைப் பதினேழு வருஷமாகப் படிக்கிறவள் அவள். "வண்டி ஷெட்டுல இருக்கா இல்லையா?"

மன்சூர் தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டீங்களா அந்தப் பிள்ளைகிட்ட?"

"இத்தாவுல இருக்குல்ல. எப்பிடிப் போய்ப் பேசுறது?"

"அட அல்லாவே! சிலிண்டர் போட வாரவன் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு பேசுறான். கரண்டு ரீடிங் எடுக்குறவன் பேசுறான். மெஸ்ஸுக்காரன் போன் போட்டு எப்பம்மா ஆரம்பிப்பீங்கன்னு கேக்குறான். நீங்க பேசுனா மட்டும் மார்க்கம் கொறஞ்சு போகுமாக்கும்? மார்க்கத்துக்குப் பயந்தீங்களா, அது வேணாம்னு சொல்லிருமோன்னு பயந்தீங்களா?"

"இன்னும் ஒம்போது நாளு. அடுத்த வெள்ளியோட இத்தா முடியுது. திங்கக்கிழமை காலையில இடியாப்பம் கொண்டு வாரேன்னு மூணு எடத்துலயும் சொல்லி வச்சிருக்கு. அரிசி ஊறப்போட்டு இடிச்சு, மாவு வறுத்து வச்சிருக்குங்க. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு, வண்டி நிக்குது நிக்குதுன்னு அந்த ஒண்ண நம்பித்தான் இத்தனை நாளும் உக்காந்திருக்கு. வண்டி இல்லைன்னா என்ன செய்யும்? ஜெகபர் அண்ணன் வாசல்ல போய் நிக்கணும். நீங்க திங்கிறதப் பாரு, அது கையால புழிஞ்சத."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கை கழுவக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஜெகபர் அலிக்கு மெயின் ரோட்டில் தோல் கமிஷன் கடை. மன்சூர் போனபோது உப்புப் போட்டு மடித்த ஆட்டுத் தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஷமாகிட்ட வண்டி என் ஷெட்டுல நிக்குதுன்னா சொன்னீங்க?"

"பின்ன? வித்துட்டேன்னு சொன்னா இத்தாவுல உக்காந்து ஒப்பாரி வைக்கும். முடியட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்."

"அது திங்கக்கிழமை ஹாஸ்டலுக்குப் போகணும்னு இருக்குண்ணே."

"போகவா? புருஷன் மவுத்தாகி கபுரு மண்ணு காயல, இவ ஸ்கூட்டர்ல ஊர் சுத்துனா நாலு பேரு என்ன பேசுவான்? நான் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்?" அவர் தோலைக் கீழே வைத்தார். "ஏண்டா, திடீர்னு ஒனக்கு என்ன ஞானோதயம்? அந்தக் காச நான் என்ன பையிலயா போட்டேன்? நாப்பதாம் பாத்தியாவுக்குச் சோறாக்கிப் போட்டதே அந்தக் காசுலதான். நீயும்தான் வந்த. ரெண்டாந்தடவ கறி வாங்கித் தின்னியே, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. ருசியாக இருந்தது, நெஞ்செலும்பு கேட்டு வாங்கினான். ஃபாரிஸின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில் அவன் தின்றது ஷமாவின் வண்டியை. ஒரு டயரையாவது தின்றிருப்பான். கடையைவிட்டு இறங்கினான்.

மூன்று நாள் இப்படியும் அப்படியும் அலைந்தான். வேறு ஒரு வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தான். தன் வண்டி ஷெட்டில் நிற்கிறது என்று துஆ செய்கிறவளிடம் வேறு வண்டியை எப்படிக் காட்டுவது? போனை எடுத்து விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் யாரோ ஒருத்தி திரைக்குள் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தான். ஷெட்டில் இருந்ததிலேயே நல்ல வண்டி கஸ்பார் என்கிறவரிடம் வாங்கியது. ஷமா வண்டியைவிட இரண்டு வருஷம் புதுசு, கீறல்கூடக் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு நெய்க்காரப்பட்டிக்குக் கிளம்பினான்.

ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை தக்காளி லாரிகளுக்குப் பின்னால் சகதியைத் தின்றுகொண்டே போனான். பழனி மலை தெரிந்தபோது தூறல் பிடித்தது. பழனியைக் கடந்து நெய்க்காரப்பட்டி போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

வண்டியை வாங்கின அறிவுச்செல்வியின் வீடு கரும்புக் காட்டை ஒட்டி இருந்தது. களத்தில் காயப்போட்ட மக்காச்சோளத்தை மழைக்கு முன்னால் அள்ளிவிட வேண்டுமென்று அவளும் அம்மா சிவனம்மாளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மன்சூர் வண்டியை நிறுத்திவிட்டு, கேட்காமலேயே ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேருமாக அள்ளி முடித்தார்கள். கொட்டகைக்குள் ஷமாவின் வண்டி நின்றது. கண்ணாடியில் மஞ்சள் கயிறு, முன்னால் சந்தனப் பொட்டு, புதுச் சீட்டு உறை. அவன் விற்றபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது.

"வாங்க பாய். பேரு மாத்தற பேப்பரக் கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் அறிவுச்செல்வி. பழனியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை.

"அதுலதான் ஒரு சின்னச் சிக்கல்மா. வண்டிய நான் திரும்ப எடுத்துக்கிறேன். பதிலுக்கு அந்தா நிக்குது பாருங்க, அத வச்சுக்கங்க. இதவிட நல்ல வண்டி."

"என்ன சிக்கலுங்க?"

"ஆர்.சி.ல ஒரு... போலீஸ் கீலீஸ் புடிச்சா ஒங்களுக்குக் கஷ்டம். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. பாவத்தைக் கழுவ வந்த இடத்திலும் வாய் பழைய பாதையிலேயே போகிறது.

"ஏனுங்க பாய், மூணு மாசமா நான் போன் பண்றப்பெல்லாம் ஒரு சிக்கலும் இல்லீன்னீங்க. இன்னைக்கு மழைல நனஞ்சுட்டு வந்து, நல்ல வண்டியக் குடுத்துட்டுப் பழசக் கேக்கறீங்க. எந்த யாவாரியாவது இப்படிப் பண்ணுவானுங்களா? நெசத்தச் சொல்லுங்க."

அவன் சாக்கின் மேல் உட்கார்ந்தான். நெசத்தைச் சொன்னான். ஃபாரிஸ் மவுத்தானது, இத்தா, இடியாப்பம், ஜெகபர் அலி போட்ட கையெழுத்து எல்லாம்.

சிவனம்மாள் பதறிப்போனாள். "செத்தவங்க வண்டியாங்க? அய்யோ சாமி! தை மாசத்துல புள்ளைக்கு நல்லது பண்ணலாம்னு சாதகம் பாத்துட்டிருக்கறமுங்க!"

"அம்மா, நீ செத்த சும்மா இரு. செத்தவரு என்ன பண்ணுனாரு? பண்ணுனது இவுரு." அறிவுச்செல்வி மன்சூரிடம் திரும்பினாள். "லேடீஸ் ஓட்டுன வண்டின்னு போட்டிருந்தீங்க. அத நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்தோம். அந்த லேடீஸ் எங்கீங்கன்னு அம்மா அன்னைக்கே கேட்டாங்க. என்ன சொன்னீங்க, நெனப்பிருக்குதுங்களா?"

"வெளியூர் போயிருக்காங்கன்னேன்."

"வெளியூரு!" அவள் வண்டியைப் பார்த்தாள். "அந்தக்கா அழுதுட்டு உக்காந்திருக்கறப்ப நானு அவங்க வண்டில சைடு கண்ணாடி பாத்துட்டுத் திரிஞ்சிருக்கறேன். என்னையுமில்ல பாவத்துல இழுத்து உட்டுட்டீங்க?"

மன்சூருக்கு அது சுருக்கென்று தைத்தது. விற்கும்போது ஒருத்தியைத்தான் ஏமாற்றினோம் என்று நினைத்திருந்தான். கணக்கில் இரண்டு பேர் இருந்தார்கள்.

கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டியது. சிவனம்மாள் உள்ளே போய் வறுத்த கடலையும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். கோபத்திலும் வந்தவனுக்குக் காப்பி வைக்காமல் இருக்க அந்தப் பக்கத்து மனுஷிகளுக்குத் தெரியாது. அதைக் குடிப்பதும் அவனுக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

"சரிங்க, மாத்திக்கறேன்" என்றாள் அறிவுச்செல்வி கடைசியில். "ஆனா இந்த வண்டி யாருதுங்க? இதுல எத்தன செத்தவங்க கையெழுத்து இருக்குதுங்க?"

"சத்தியமா இல்லம்மா. கஸ்பாருன்னு ஒருத்தரு, ரிடையர்டு ஆனவரு. அவரே போட்டுக் கொடுத்தாரு."

"நம்பரக் குடுங்க. நானே கேட்டுக்கறேன்."

அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏனுங்க, கஸ்பாருங்களா? ஒங்க வண்டிய நீங்களேதான் வித்தீங்களா?"

"நான்தாம்மா வித்தேன். முட்டி வலி, ஓட்ட முடியல. ஏன், மன்சூரு என்னத்தையாச்சும் உருட்டுறானா?"

"இல்லீங்க. நீங்க உசுரோடதான் இருக்கறீங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதானுங்க."

"அதுல ஒனக்கு என்னம்மா சந்தேகம்? இப்பத்தான் பூசை முடிஞ்சு வந்து கறிக்கடையில நிக்கிறேன். நல்லா ஓட்டும்மா. பின் பிரேக்கு மட்டும் செத்த லூசு, மன்சூர டைட்டு வச்சுத் தரச் சொல்லு."

மன்சூர் அங்கேயே ஸ்பேனரை எடுத்து அந்தப் பிரேக்கை இறுக்கிக் கொடுத்தான். சிவனம்மாள் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டு போனாள். அறிவுச்செல்வி ஷமாவின் வண்டியிலிருந்து தன் மழைக்கோட்டையும் துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டு, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்தக்காகிட்ட சொல்லுங்க பாய், எனக்குத் தெரியாதுன்னு. மறக்காம சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குப் பாரமாக இருந்தது. ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டுமானால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் இருக்க வழியிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஜெகபர் அலியே ஷெட்டுக்கு வந்து அந்த வழியைக் காட்டினார். வண்டி நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் கோபம், அதைவிட அதிகமாக நிம்மதி.

"கொண்டு வந்துட்டியா? கெட்டிக்காரன்தான். சரி, ஆனது ஆச்சு. ஷெட்டுலதான் நின்னுச்சுன்னே இருக்கட்டும். நீயும் வாயத் தெறக்காத, நானும் தெறக்கல. ஒனக்கும் மருவாதி, எனக்கும் மருவாதி."

அவர் போனபின் மன்சூர் சந்தனப் பொட்டைத் துடைத்தான். மஞ்சள் கயிற்றை அறுத்தான். சீட்டு உறையைக் கழற்றினான். மிச்சம் இருந்தது கிலோமீட்டர் மீட்டர். மூவாயிரத்துச் சொச்சம் கூடியிருந்தது. தினமும் ஓட்டின வண்டி, ஷமாவுக்குத் தன் கிலோமீட்டர் தெரியாமலா இருக்கும்? மீட்டரைப் பின்னுக்குத் தள்ளுவது அவன் தொழிலில் பத்து நிமிஷ வேலை, அதற்கான சாமான் டிராயரில் கிடந்தது. முன் மூடியின் இரண்டு ஸ்குருவைக் கழற்றிவிட்டான். மூன்றாவதில் கை வைத்தபோது பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். பாங்கு முடிகிறவரைக்கும் ஸ்குரு டிரைவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். இந்த நேரம் ஷமா தொழ முசல்லாவை விரித்திருப்பாள். அவன் பேரைச் சொல்லித்தான் கையேந்துவாள்.

"யா அல்லா, அந்தப் பிள்ளை துஆவ எம்மேல போடாத" என்று வாய்விட்டே சொன்னான். கழற்றின இரண்டு ஸ்குருவையும் திரும்ப முடுக்கினான்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு குர்ஷித்தை அந்த வண்டியிலேயே பின்னால் ஏற்றிக்கொண்டு ஷமா வீட்டுக்குப் போனான். குர்ஷித் உள்ளே போனாள். உள் அறை வாசலில் பழைய பெட்ஷீட் ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வறுத்த மாவு வாசனை வீடு முழுக்க இருந்தது. மன்சூர் திரைக்கு இந்தப் பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"வாங்கண்ணே. வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நம்ம வண்டி சத்தம் எனக்குத் தெரியாதா?" ஷமாவின் குரல் சிரிப்போடு வந்தது. "வெள்ளிக்கிழமைக்கு மேல வந்து எடுத்துக்கிறேன்னுதான் இருந்தேன். நீங்களே கொண்டாந்துட்டீங்க. உக்காருங்க, டீ போடச் சொல்றேன்."

"டீ வேணாம்மா. ஷமா... வண்டி என் ஷெட்டுல நிக்கல."

"என்னண்ணே?"

"நிக்கல. நான் வித்துட்டேன். மூணு மாசமா நெய்க்காரப்பட்டியில ஒரு பிள்ளை ஓட்டிக்கிட்டிருந்துச்சு. நேத்துத்தான் போய்த் திரும்ப வாங்கிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அத மறக்காம சொல்லச் சொல்லுச்சு."

திரை அசையவில்லை. உள்ளே குர்ஷித்தின் வளையல் சத்தம் மட்டும் ஒரு தடவை கேட்டது.

"பெரிய மச்சான் ஷெட்டுல நிக்குதுன்னாரே."

"அவருதான் விக்கக் கொண்டாந்தாரு. அவருமேல பழியப் போட்டுட்டுத் தப்பிக்க வரலம்மா. வாங்குனது நான், வித்தது நான்."

"எங்க வீட்டுக்காரரு பேருலல்ல இருந்துச்சு வண்டி? எப்பிடி விக்க முடியும்?"

"ஃபாரிஸ் கையெழுத்த ஜெகபர் அண்ணன் போட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன். வேணாம்னு சொல்லல."

"என்னைக்கு?"

"மவுத்தாகி இருபதாம் நாளு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தான். ஆனால் உள்ளேயிருந்து வந்த குரலில் அழுகை இல்லை.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீ இத்தாவுல இருந்தம்மா. அதான்..."

"இத்தாவுலதாண்ணே இருந்தேன். மவுத்தானது அவரு. நானில்ல. அவருகிட்ட கையெழுத்து வாங்க ஒங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கு. நான் இந்தா, ரெண்டு தெரு தள்ளி, உசுரோட உக்காந்திருந்தேன்."

பழைய வண்டியில் ஒளிந்திருக்கிற கோளாறை எல்லாம் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன், இத்தனை நாள் தான் செய்தது என்னவென்று அவளைப்போல ஒரே வார்த்தையில் சொல்லிப் பார்க்கவில்லை. அழுகை வந்தது. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"மாப்புக் கொடுத்துரும்மா. தப்புத்தான். எம்புட்டு பெரிய தப்புன்னு இப்பத்தான் வெளங்குது. மாப்புக் கொடுத்துரு."

"சாவிய அக்காகிட்ட கொடுங்க" என்றாள் ஷமா. "ஆர்.சி. புக்கு, நீங்க எழுதுன பாரம், எல்லாத்தையும் கொண்டாந்து கொடுங்க. இனிமே அது எம்பேருக்குத்தான் மாறணும். நான்தான் கையெழுத்துப் போடுவேன்."

"சரிம்மா. எல்லாம் கொண்டாந்து தாரேன். மாப்பு..."

"அத இப்பச் சொல்ல மாட்டேண்ணே" என்றாள். "வெள்ளிக்கிழமை நான் வெளிய வருவேன். ஒங்க ஷெட்டுக்கே வாரேன். அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றேன், மாப்பு இருக்கா இல்லையான்னு. நீங்களும் என்னையப் பாத்துக் கேளுங்க."

மன்சூர் சரி என்று தலையை ஆட்டினான். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு அது தெரியாது என்று செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கேட்கிற மாதிரி, "சரிம்மா, கேக்குறேன்" என்றான்.